பனிக்காலக் கொடியில் தொங்கும் காய்கள்: வாசகர் கேள்வி–பதில்

மார்கழி பிறந்த பிறகு வந்த கடிதங்களில் பல, பூத்து ஓய்ந்த கொடிகளில் காய்ந்து தொங்கும் காய்களைப் பற்றியவையாக இருந்ததால், இந்த இதழின் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் சுற்றுச்சுவரின் கம்பி வேலியில் தானாக முளைத்த குன்றிமணிக் கொடி மூன்று ஆண்டுகளாகப் படர்ந்திருக்கிறது. இப்போது இலைகள் குறைந்து, காய்கள் காய்ந்து வெடித்து, உள்ளே சிவப்பு மணிகள் தெரிகின்றன. தோட்ட வேலைக்கு வருபவர், "காய்ந்த கொடிதானே அம்மா, அறுத்துவிடலாம்" என்கிறார். எனக்கு மனம் வரவில்லை. ஆனால், வீட்டில் இரண்டு வயதுப் பேத்தி இருக்கிறாள் என்பதும் உறுத்துகிறது. என்ன செய்யலாம்?
(வாசகி, காரைக்குடி)

பதில்: உங்கள் மனம் தயங்குவது சரியே. குன்றிமணிக் கொடி அழகாக இருப்பது பூக்கும்போது அன்று. வெளிறிய ஊதா நிறத்தில் இலைகளுக்கு நடுவே மறைந்து பூக்கும் அந்தச் சிறு பூக்களைக் கவனிக்காமலே பலர் கடந்து போய்விடுவார்கள். மழை ஓய்ந்து பனி விழத் தொடங்கிய பிறகே அந்தக் கொடி தன்னைக் காட்டிக்கொள்கிறது. இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளமுள்ள தட்டையான காய்கள் கொத்துக் கொத்தாகப் பழுப்பேறி, இரண்டு ஓடுகளாகப் பிளந்து, பின்புறமாக மடங்கி விரிகின்றன. வேறு பல அவரைக் குடும்பக் கொடிகளில் காய் வெடித்ததும் விதைகள் சிதறிவிடும். குன்றிமணியில் அப்படி நேர்வதில்லை. விதைகள் ஓட்டின் விளிம்பைப் பற்றிக்கொண்டு வாரக்கணக்கில் அப்படியே இருக்கின்றன. காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் வேலியோரம் நின்று பாருங்கள். வாடிய பழுப்பு நிறத்துக்கு நடுவே அந்தச் சிவப்பு மட்டும் ஈரம் காயாதது போல மின்னும்.

அந்த மின்னலுக்குக் காரணம் உண்டு. குன்றிமணியில் பறவை தின்பதற்குச் சதை என்று எதுவும் இல்லை; கெட்டியான தோல் மூடிய விதை மட்டுமே இருக்கிறது. ஆயினும் அது பழுத்த சிறு பழம் போலத் தோற்றம் காட்டுவதால், பறவைகள் ஏமாந்து விழுங்கி, வேறிடத்தில் எச்சத்தோடு உதிர்த்துவிடும் என்று தாவரவியலாளர் பலர் கருதுகின்றனர். கொடியை விட்டு மணிகள் உடனே உதிராமல் இருப்பதும் இந்த நோக்கத்துக்குப் பொருந்துகிறது. ஆகவே, உங்கள் வேலையாள் காய்ந்துபோனது என்று சொல்வது உண்மையில் ஆண்டு முழுவதும் அந்தக் கொடி ஆயத்தப்படுத்திய வேலை நடந்துகொண்டிருக்கும் காலம்.

மணியின் ஒரு முனையில் இருக்கும் கருமையை நம் மொழி 'மூக்கு' என்று அழைக்கிறது. வெளித்தோற்றத்தில் குன்றியைப் போலச் செம்மையாக இருந்தும் உள்ளத்தில் அதன் மூக்கைப் போலக் கருத்திருப்பவர்களைப் பற்றி வள்ளுவர் 277ஆம் குறளில் பேசுகிறார். விதை காயோடு ஒட்டியிருந்த தழும்பு அந்தக் கரும்பகுதிக்குள்தான் இருக்கிறது. அதாவது, மூக்கு என்பது தாய்க்கொடியோடு அது தொடர்பு வைத்திருந்த இடம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் பொன் நகைகளின் எடை கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று குறிக்கப்பட்டிருக்கிறது. இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி, இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. ஒரு மணியின் எடை ஏறக்குறைய 0.12 கிராம். எங்கள் தெருவில் இருந்த பொற்கொல்லர், சின்னத் தராசுக்குப் பக்கத்தில் ஒரு பித்தளைச் சிமிழ் நிறையக் குன்றிமணி வைத்திருந்தார். விநாயகர் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையாருக்குக் கண் வைக்க, அவரிடம் இரண்டு மணி கேட்டு வாங்கி வருவது என் வேலை. முந்தைய தை மாதத்தில் பறித்த மணிகள் ஆவணியிலும் நிறம் மங்காமல் இருந்ததை நான் அப்போதே வியந்திருக்கிறேன்.

இவ்வளவையும் சொன்ன பிறகு, உங்கள் பேத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதில் எனக்குச் சற்றும் தயக்கம் இல்லை. குன்றிமணிக்குள் அப்ரின் என்னும் கொடிய நஞ்சு இருக்கிறது. அது உடலின் உயிரணுக்கள் புரதம் உருவாக்குவதையே நிறுத்திவிடும் தன்மை உடையது. அதற்கு மாற்று மருந்து கிடையாது. தோல் கெட்டியாக இருப்பதால் முழுதாக விழுங்கிய மணி பல வேளைகளில் தீங்கு செய்யாமல் வெளியேறிவிடலாம் என்பது உண்மையே. ஆனால், மென்ற மணியோ, துளையிட்ட மணியோ, தோல் இறுகாத பச்சை மணியோ அப்படியன்று. வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கச் சில மணி நேரமோ அதற்கு மேலோ ஆகக்கூடும் என்பதால், குழந்தை வாயில் போட்டுவிட்டது என்ற ஐயம் வந்தால்கூட, அறிகுறிக்காகக் காத்திராமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

ஆகவே, இந்த ஆண்டு எல்லாக் காய்க்கொத்துகளையும், வெடித்தவை, வெடிக்காதவை என்று பாராமல், கீழே ஒரு துணியை விரித்துக்கொண்டு வெட்டி எடுத்துவிடுங்கள். தரையில் உதிர்ந்தவற்றையும் பொறுக்கிவிடுங்கள். வேரையும் அடித்தண்டையும் விட்டுவையுங்கள். மழை பெய்ததும் அவை மீண்டும் துளிர்க்கும். பேத்திக்கு விவரம் தெரியும் வயது வரும் வரை, ஒவ்வோர் ஆண்டும் பூங்கொத்திலேயே கிள்ளிவிட்டால் காய் பிடிக்காது. இப்போது வெட்டியவற்றில் இரண்டு மூன்று கொத்துகளை, திருகு மூடியுள்ள ஒரு கண்ணாடிச் சாடியில் இட்டு, குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் பூட்டிய அலமாரிக்குள் வைக்கலாம். காய்ந்த கொடி என்பதற்காக அறுக்கவில்லை, குழந்தைக்காகத்தான் அறுக்கிறோம் என்பதை உங்கள் வேலையாளிடமும் சொல்லுங்கள்.

கேள்வி: இங்கிலாந்தில் வசிக்கிறோம். வீட்டு முகப்பில் படர்ந்திருக்கும் விஸ்டீரியா கொடியில், இலையெல்லாம் உதிர்ந்த பிறகும் வெல்வெட் போர்த்தியது போன்ற நீண்ட காய்கள் தொங்குகின்றன. அழகாக இருக்கிறதே என்று நான்கைந்தைப் பறித்து வந்து, கணப்புக்கு அருகில் ஜாடியில் வைத்தேன். இரவில் துப்பாக்கி வெடித்தது போன்ற ஓசையோடு அவை தெறித்து, விதைகள் அறை முழுவதும் சிதறிக் கிடந்தன. ஏன் இப்படி?
(வாசகர், லண்டன்)

பதில்: ஊரில் சங்குப்பூக் கொடியை வளர்த்தவர்களுக்கு இது பழகிய ஓசைதான்; நண்பகல் வெயிலில் சடசடவென்று காய்கள் வெடிக்கும். விஸ்டீரியாவும் அதே அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. இந்தக் காய்களின் ஓட்டில் நார்கள் நீளவாக்கில் நேராக ஓடாமல், சாய்வாக ஓடுகின்றன. ஓர் ஓட்டில் இருக்கும் சாய்வுக்கு எதிர்ச்சாய்வாக மற்ற ஓட்டில் இருக்கும். காயும்போது இரண்டு ஓடுகளும் எதிரெதிர்த் திசையில் முறுக்கிக்கொள்ள முயல்கின்றன. ஆனால், இரண்டையும் இணைத்திருக்கும் விளிம்புத் தையல் அவற்றை விடுவதில்லை. முறுக்கு ஏற ஏற, ஒரு கணத்தில் அந்தத் தையல் பிரிந்துவிடுகிறது. வெளியே ஈரக்காற்றில் மெல்லக் காய்ந்துகொண்டிருந்த காயை, கணப்பின் வறண்ட சூட்டில் நீங்கள் வைத்ததால், வாரங்கள் எடுக்க வேண்டியது ஓர் இரவில் முடிந்துவிட்டது. வெடித்த ஓடுகளைத் தூக்கி எறிந்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். திருகிய அந்த ஓடுகளைப் போன்ற வடிவத்தைச் செதுக்கியும் கொண்டுவருவது கடினம்.

சீனத்து விஸ்டீரியா 1816இல் இங்கிலாந்துக்கு வந்தது. அங்குள்ள தோட்டக்காரர்கள் அதை ஆண்டுக்கு இரு முறை, கோடையில் ஜூலை–ஆகஸ்டிலும் குளிர்காலத்தில் ஜனவரி–பிப்ரவரியிலும் வெட்டிவிடுவார்கள். எனவே, கோடை வெட்டில் சில பூங்காம்புகளையாவது விட்டுவைத்தால் குளிர்காலத்தில் காய்கள் கிடைக்கும். விதைகள் நஞ்சுடையவை, தின்றால் கடும் வாந்தி வரும் என்பதால், சோபாவுக்கு அடியிலும் தேடிப் பொறுக்கிவிடுங்கள்.

கேள்வி: வேலியோரக் கொடி ஒன்றில், கயிறு கட்டித் தொங்கவிட்ட சிறு கூடைகளைப் போலக் காய்ந்த காய்கள் இருக்கின்றன. மலை ஏறும்போது பார்த்தேன். என்ன கொடி இது?
(வாசகர், தென்காசி)

பதில்: நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது கருடக்கொடி. பெருமருந்து, ஈசுரமூலி என்றும் சொல்வார்கள். கூடை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது உறியாகத் தெரிகிறது. மற்றக் காய்கள் பெரும்பாலும் நுனியிலிருந்து பிளக்கும். இதுவோ காம்புப் பக்கத்திலிருந்து பிளக்கிறது. காம்பும் ஆறு இழைகளாகப் பிரிந்து, ஆறு பிளவுகளையும் தாங்கிக்கொள்ள, நடுவில் ஒரு கிண்ணம் உருவாகிறது. உள்ளே அடுக்கடுக்காக இருக்கும் விதைகள் தட்டையானவை, மெல்லிய இறகு போன்ற ஓரம் உடையவை. காற்று உறியை ஆட்டும்போதெல்லாம் சில விதைகள் பறந்து போகின்றன. பாட்டி வீட்டில் வெண்ணெய்ச் சட்டி தொங்கிய உறியைப் பார்த்திராத பிள்ளைகளுக்கு, இந்தக் காயைக் காட்டியே உறி எப்படி இருக்கும் என்று சொல்லலாம்.

தோட்டத்தில் வளர்க்கத் தக்க கொடியே இது. கரிய சிறகும் சிவந்த உடலும் கொண்ட பட்டாம்பூச்சிகள் முட்டையிடத் தேடி வருவது இதன் இலைகளைத்தான். ஆனால், பெருமருந்து என்ற பெயரை நம்பி யாரும் இதை உட்கொள்ள வேண்டாம். இந்தக் கொடியின் இனத்தில் உள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுப்பதோடு, புற்றுநோயையும் உண்டாக்கும் என்பது உறுதி செய்யப்பட்ட செய்தி.

கேள்வி: நஞ்சில்லாத, குழந்தைகள் கையில் கொடுக்கத் தக்க பனிக்காலக் காய் ஏதாவது உண்டா?
(வாசகி, நாமக்கல்)

பதில்: முடக்கத்தான் இருக்கிறது. தோசைக்கு இலை பறித்த பிறகு, கொடியைப் பிடுங்காமல் விட்டுவையுங்கள். பச்சையாக இருக்கும்போது காற்றடைத்த பை போல இருக்கும் காய், காய்ந்ததும் நரம்புகள் தெரியும் பழுப்புக் காகிதமாகிவிடும். மூன்று அறைகள், அறைக்கு ஒரு கரிய விதை. ஒவ்வொரு விதையிலும் வெள்ளை நிறத்தில் இதயம் வரைந்தது போன்ற ஒரு தழும்பு இருக்கும். அதன் தாவரவியல் பெயரான கார்டியோஸ்பெர்மம் என்பதற்கு இதய விதை என்றே பொருள். விழுங்கிவிடாத வயதுக் குழந்தை என்றால், காயைக் கையில் கொடுத்து அதையே உடைக்கச் சொல்லுங்கள். பார்த்து முடித்த விதைகளை ஒரு தாளில் மடித்து வைத்திருந்து, ஆடி மழைக்கு விதைத்தால் அடுத்த பனிக்காலத்துக்குக் காய் தயாராக இருக்கும்.