விசா வந்த பிறகு யார் பார்த்துக்கொள்வார்கள்?

ஈரோட்டிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

உங்கள் மகளுக்கு லண்டனில் எம்.எஸ்சி. இடமும் கிடைத்து, விசாவும் வந்துவிட்டது. நல்ல செய்தி. கல்விக் கடன், டிக்கெட், குளிருக்கான துணிமணி எல்லாம் விசாரித்துவிட்டுக் கடிதத்தின் கடைசியில், "அங்கே அவளுக்கு ஒன்று என்றால் எனக்கு யார் சொல்வார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். மற்றதை எல்லாம் வெளிநாட்டுப் படிப்புக்கு ஏற்பாடு செய்யும் உங்கள் கன்சல்டன்சியே சொல்லிவிடும். இந்தக் கேள்விக்கு நான் பதில் எழுதுகிறேன்.

அவளாக முன்கூட்டி ஏற்பாடு செய்துவைக்காவிட்டால், பெரும்பாலும் யாரும் சொல்ல மாட்டார்கள். 18 வயது முடிந்தால் பிரிட்டன் சட்டத்தில் அவள் பெரியவள். வகுப்புக்கு வருகிறாளா, பாஸ் செய்தாளா, உடம்பு எப்படி இருக்கிறது என்று நீங்கள் எதைக் கேட்டாலும், மாணவியின் சம்மதம் இல்லாமல் பேச முடியாது என்றுதான் பல்கலைக்கழகம் சொல்லும். கட்டணம் உங்கள் கணக்கிலிருந்து போயிருந்தாலும் அதே பதில்தான். இங்கே ஒரு நாள் கல்லூரிக்குப் போகாவிட்டால் மதியமே வீட்டுக்கு மெசேஜ் வரும். அந்தப் பழக்கத்தில் இருக்கும் நமக்கு இது நெஞ்சில் ஈரமில்லாத ஏற்பாடாகத் தெரியும். ஆனால் உயிருக்கு ஆபத்து என்ற நிலையில் அவர்கள் தகவல் சொல்லலாம். அப்போது யாரைக் கூப்பிடுவது என்பது அவள் படிவத்தில் என்ன எழுதினாள் என்பதைப் பொறுத்தது.

சேர்க்கையின்போது அவசரத் தொடர்பு யார் என்று கேட்பார்கள். அதில் பலர் அறைத்தோழியின் எண்ணைப் போடுகிறார்கள், சிலர் கன்சல்டன்சியின் எண்ணைக்கூடப் போட்டுவிடுகிறார்கள். உங்கள் எண்ணை +91 சேர்த்துப் போடச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் போன் பேசத் தயக்கம் என்றால், சரளமாகப் பேசும் ஒரு சொந்தக்காரரை இரண்டாவதாகச் சேர்க்கலாம். சில பல்கலைக்கழகங்கள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. பிரிஸ்டல் பல்கலைக்கழகம் 2018 முதல், உன் நலனில் பெரிய கவலை எழுந்தால் நீ சொல்லும் ஒருவரை நாங்கள் தொடர்புகொள்ளலாமா என்று மாணவர்களிடம் சம்மதம் கேட்டு வைக்கிறது. மகளின் பல்கலைக்கழகத்தில் இதுபோல் இருக்கிறதா என்று அவளையே மின்னஞ்சல் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள். சம்மதம் அவளுடையது, அதனால் வற்புறுத்தி வாங்க வேண்டாம்.

இன்னொன்று, பெற்றோர் பலருக்குத் தெரியாது. அவர்கள் உங்களிடம் சொல்லத்தான் தடை, நீங்கள் அவர்களிடம் சொல்லத் தடையே இல்லை. "மூன்று நாளாகப் போன் எடுக்கவில்லை, கடைசியாகப் பேசியபோது அழுதாள்" என்று மாணவர் நலப் பிரிவுக்கு நீங்கள் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். தேவைப்பட்டால் ஆள் அனுப்பியும் பார்ப்பார்கள். பார்த்ததை உங்களிடம் சொல்லாமல் போகலாம், ஆனால் பார்ப்பார்கள். பெரும்பாலான வளாகங்களில் பாதுகாப்பு அலுவலகம் இரவு பகலாக இயங்கும். அந்த எண் உங்கள் போனில் இருக்கட்டும்.

நானும் ஒரு கல்வி ஆலோசகர்தான், எனவே இப்போது எங்கள் தொழிலைப் பற்றி. கல்வி ஆலோசகர்களுக்குப் பல்கலைக்கழகம் தருவது கமிஷன், பெரும்பாலும் முதல் ஆண்டுக் கட்டணத்தில் ஒரு பங்கு. மாணவர் அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் பொதுவாக அது கைக்கு வரும். அதனால்தான் விசா வரும்வரை தினமும் கூப்பிடும் கன்சல்டன்சி, சேர்க்கை முடிந்ததும் காணாமல் போகிறது. கமிஷன் வாங்குவதில் தப்பில்லை என்பது என் கருத்து. ஆனால் ஒரு பிள்ளையை இந்த ஊருக்கு, இந்தப் படிப்புக்குப் போ என்று சொன்னவருக்கு, அந்தப் பிள்ளை அங்கே காலூன்றும்வரை பொறுப்பு உண்டு. 2012இல் பிரிட்டன், ஆஸ்திரேலியா, அயர்லாந்து, நியூசிலாந்து நான்கும் சேர்ந்து மாணவர்களை அனுப்பிவைக்கும் முகவர்களுக்கான நெறிகளை லண்டன் அறிக்கை என்ற பெயரில் வெளியிட்டன. சிறார்களின் நலன் காப்பது அதில் ஒன்று. ஆனால் நெறி காகிதத்தில் இருக்கிறது. உங்கள் தெருமுனை கன்சல்டன்சியை அதன்படி நடக்கவைப்பது நீங்கள் கேட்கும் கேள்விதான்.

நேரில் போய்க் கேளுங்கள். முதல் ஆறு வாரத்தில் என் மகளிடம் யார் பேசுவார்கள், பெயர் என்ன? அவள் உங்களிடம் அழுதுகொண்டே போன் பண்ணினால் நீங்கள் யாரிடம் அனுப்புவீர்கள்? பல்கலைக்கழகத்தின் நலப் பிரிவில் உங்களுக்குத் தொடர்பு இருக்கிறதா? "நாங்க இருக்கோம், கவலைப்படாதீங்க" என்ற பதிலோடு எழுந்து வராதீர்கள். பெயரும் எண்ணும் வாங்குங்கள். நல்ல ஆலோசகர் இன்னொன்றும் சொல்வார்: அவள் சொல்வதை எல்லாம் உங்களிடம் சொல்ல மாட்டேன், ஆனால் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் ரகசியம் காக்க மாட்டேன் என்று. இந்த எல்லையை உங்கள் இருவர் முன்னாலும் சொல்பவரை நம்பலாம்.

மனது சரியில்லாமல் போவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும். நவம்பரில் லண்டனில் நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும். முதல் அசைன்மென்ட் வரும் நேரமும் அதுதான், பகுதிநேர வேலை கிடைக்காமல் கையிருப்பு கரையும் நேரமும் அதுதான். வீட்டில் கடன் வாங்கி அனுப்பியிருக்கிறார்கள், எப்படிச் சொல்வது என்று பிள்ளைகள் வாயை மூடிக்கொள்கிறார்கள். அதைவிடப் பெரிய தடை ஒரு பயம்: கவுன்சலிங் போனால் விசா போய்விடும் என்பது. போகாது. பல்கலைக்கழகக் கவுன்சலிங் இலவசம், ரகசியம், குடியேற்றத் துறைக்கு அதில் வேலையில்லை. படிப்புப் பக்கம் விசாவைப் பாதிப்பது வகுப்புக்குப் போகாமல் இருப்பதும், சொல்லாமல் படிப்பை நிறுத்துவதும்தான். வருகையைக் கண்காணிப்பது பல்கலைக்கழகத்தின் கடமை, அவள் விசாவுக்குப் பொறுப்பேற்ற ஸ்பான்சர் அவர்கள்தான். ஆக, முடியவில்லை என்றால் ஒதுங்கி அறையில் படுத்துவிடாமல் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் போய்ச் சொல்ல வேண்டும். கெடு நீட்டிப்பு, தேர்வைத் தள்ளிப்போடுவது என்று வழிகள் இருக்கின்றன. முன்னால் சொன்னவருக்குத்தான் அவை எளிதில் கிடைக்கும்.

விசாவோடு சேர்த்து மருத்துவக் கூடுதல் கட்டணம் கட்டியிருப்பீர்கள். மாணவருக்கு ஆண்டுக்கு 776 பவுண்டு, ஓராண்டு எம்.எஸ்சி.க்கு, விசா படிப்பைத் தாண்டியும் சில மாதம் இருப்பதால், பொதுவாக 1,164 வரும். அவ்வளவு கட்டிவிட்டும் பலர் ஜி.பி. எனப்படும் குடும்ப மருத்துவரிடம் பதிவு செய்யாமலே இருக்கிறார்கள். போன முதல் வாரமே பதியச் சொல்லுங்கள், காசு கிடையாது. அவசரம் என்றால் 999. அவசரமில்லாத மருத்துவ உதவிக்கு 111, மனநெருக்கடி என்றால் அதே எண்ணில் 2ஐ அழுத்த வேண்டும். யாரிடமாவது பேசினால் போதும் என்ற இரவில் சமாரிட்டன்ஸ் என்ற தொண்டு அமைப்பு, 116 123.

அப்புறம் வீடும் வேலையும். ஈஸ்ட் ஹாம், டூட்டிங், ஹாரோ பக்கம் தமிழ்க் கடையும் கோயிலும் இருப்பதால் நம் பிள்ளைகள் அங்கே அறை தேடுகிறார்கள். நல்ல விஷயம், மனதுக்கு ஆறுதல். ஆனால் தமிழ் பேசுகிறார் என்பதற்காக வாட்ஸ்அப்பில் படம் பார்த்து டெபாசிட் அனுப்பக்கூடாது. இங்கிலாந்தில் தனியார் வாடகை வீட்டு டெபாசிட் பொதுவாக ஐந்து வார வாடகைக்கு மேல் போகக்கூடாது. வழக்கமான வாடகை ஒப்பந்தத்தில் வீட்டுக்காரர் அதை 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த காப்புத் திட்டத்தில் போட வேண்டும். அறையைப் பார்க்காமல் போகிறவள் என்பதால் முதல் சில வாரமாவது பல்கலைக்கழக விடுதி நல்லது.

வேலை, விசா விதிப்படி பாடம் நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான். எம்.எஸ்சி. மாணவருக்குக் கோடையில் ஆய்வறிக்கை எழுதும் மாதங்களும் பொதுவாகப் பாடக் காலம்தான், விடுமுறை என்று நினைத்து மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. இதில் எனக்குக் கோபம் வருவது ஒன்றில். 20 மணிக்கு மேல் ரொக்கக் கூலிக்கு வேலை வாங்கிவிட்டு, பிறகு "வெளியே சொன்னால் உன் விசாதான் போகும்" என்று மிரட்டிக் குறைந்த கூலியிலேயே நிறுத்திவைக்கும் முதலாளிகள் இருக்கிறார்கள். அதே மிரட்டல் சில நேரம் பாலியல் தொல்லைக்கும் கருவியாகிறது. அப்படி ஒன்று நடந்தால் முதலில் பேச வேண்டியது மாணவர் சங்கத்தின் ஆலோசனைப் பிரிவில். அவர்கள் பல்கலைக்கழக நிர்வாகத்துக்கு வெளியே இருந்து மாணவர் பக்கம் நிற்பவர்கள். பாலியல் தொல்லையைக் கையாளும் முறையையும், கிடைக்கும் உதவியையும் ஒரே இடத்தில் வெளிப்படையாகப் போட்டிருக்க வேண்டும் என்று 2025 ஆகஸ்ட் முதல் இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களுக்குக் கட்டாயம். விமானம் ஏறும் முன்பே அந்தப் பக்கத்தை அவள் ஒரு முறை படித்துவிடட்டும். நீங்களும் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்ப வேண்டும்: எது நடந்திருந்தாலும், கூடுதல் மணி நேரம் வேலை பார்த்திருந்தாலும், என்னிடம் சொல்லலாம், கடனைப் பற்றி அப்போது பேச மாட்டேன் என்று. இதை நீங்கள்தான் சொல்ல முடியும். நான் சொன்னால் அவள் நம்ப மாட்டாள்.

இந்திய வெளியுறவுத் துறையின் MADAD (உதவி) இணையதளத்தில் அவள் பெயரைப் பதிந்துவிடுங்கள். அயல்நாட்டில் இருக்கும் மாணவர்களுக்கான பதிவும், தூதரகத்துக்குக் குறை சொல்லும் வழியும் அதில் உண்டு.

தினமும் இரண்டு முறை போன் பண்ணச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், பத்தே நாளில் "நல்லா இருக்கேன்மா" என்ற ஒற்றை வரியாகச் சுருங்கிவிடும். தினம் ஒரு மெசேஜ், ஞாயிற்றுக்கிழமை நிதானமாக ஒரு வீடியோ கால் என்று இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலில் மதிப்பெண்ணை முதலில் கேட்காதீர்கள். இந்த வாரம் யாரோடு சாப்பிட்டாய் என்று கேளுங்கள். தொடர்ந்து சில வாரம் "தனியாகத்தான்" என்று வந்தால் கன்சல்டன்சியில் பெயர் கொடுத்தவரைக் கூப்பிட்டு அவளிடம் பேசச் சொல்லுங்கள். இரண்டு நாள் எந்தப் பதிலும் இல்லையென்றால் வளாகத்துக்கே போன் பண்ணுவேன் என்பதையும் இப்போதே அவளிடம் சொல்லிவிடுங்கள், பிறகு வேவு பார்த்தீர்கள் என்று அவளுக்கு வருத்தம் வராது.