கார் இரவில் எந்த ஊரில் நிற்கிறது?

கேள்வி: கேரளத்தில், பாலக்காடு பக்கம் கொழிஞ்சாம்பாறையில் வீடு. கோவையில் ஒரு தனியார் கம்பெனியில் வேலை, வருடச் சம்பளம் 11 லட்சம். தினமும் போக வர 80 கிலோமீட்டர். அப்பாவுக்குத் தென்னந்தோப்பும் கொஞ்சம் தேங்காய் வியாபாரமும் உண்டு. எல்லாச் செலவும் சேர்த்து 12 லட்சத்துக்குள் ஒரு மின்சாரக் கார் வாங்க எண்ணம். கடன் வட்டியில் ஒன்றரை லட்சம் வரை வருமான வரிச் சலுகை உண்டு என்று படித்தேன். அது எந்தெந்தக் காருக்குக் கிடைக்கும்? கோவை போத்தனூரில் இருக்கும் அத்தை வீட்டு முகவரியில் பதிவு செய்தால் சாலை வரி மிச்சம் என்கிறார்களே, செய்யலாமா சார்?

பதில்: முதலில் அந்த ஒன்றரை லட்சத்தைப் பேசி முடித்துவிடுவோம். நீங்கள் படித்தது 80 இஇபி என்ற பிரிவு. மின்சார வாகனம் வாங்க எடுத்த கடனுக்குக் கட்டும் வட்டியில் வருடத்துக்கு ஒன்றரை லட்சம் வரை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம் என்று 2019இல் கொண்டுவந்தார்கள். ஆனால் 2019 ஏப்ரல் 1 முதல் 2023 மார்ச் 31 வரை அனுமதியான கடன்களுக்கு மட்டும்தான் அது. அந்தத் தேதியை நீட்டிக்கவில்லை. அதனால் இன்று எந்தக் காரை வாங்கினாலும் உங்களுக்கு அது கிடையாது. ஷோரூமில் இன்னமும் அதைச் சொல்லி விற்கிறார்கள். யாராவது சொன்னால், "கடன் எப்போது அனுமதியாகியிருக்க வேண்டும்?" என்று மட்டும் கேளுங்கள்.

இதற்காக மனம் சுளிக்க வேண்டாம். அந்தப் பிரிவு இன்று உயிரோடு இருந்தாலும் உங்களுக்கு ஒரு ரூபாய்கூடத் தேறாது. பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான் அந்தக் கழிவு. புதிய முறையில் 2025-26 நிதியாண்டிலிருந்து 12 லட்சம் வரை வரியே இல்லை. சம்பளக்காரருக்கு நிலைக்கழிவையும் சேர்த்து 12.75 லட்சம். 11 லட்சம் சம்பளத்துக்கு வரி பூஜ்யம். பூஜ்யத்தில் எதைக் கழிப்பது? பழைய முறையில் இருந்து 20 சதவீத அடுக்கில் வரி கட்டியவருக்கும் அது பெரிய தொகையில்லை. 8 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, ஐந்து வருடத் தவணை என்றால் முதல் வருட வட்டி 66,000 சொச்சம். அதில் மிச்சமாகும் வரி 14,000க்குள். அடுத்தடுத்த வருடங்களில் அதுவும் குறைந்துகொண்டே போகும்.

மத்திய அரசின் நேரடி மானியமும் சொந்த உபயோகக் காருக்கு இல்லை. 2024 அக்டோபரில் தொடங்கிய பிஎம் இ-டிரைவ் என்ற மானியத் திட்டம் இருசக்கர, மூன்று சக்கர வாகனங்கள், பஸ், லாரி, ஆம்புலன்ஸ் இவற்றுக்காகக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர் யாராவது 7,500 டாலர் வரிக்கழிவு என்று சொல்லியிருந்தால், அது அந்த ஊர்ச் சட்டம். அங்கேயும் 2025 செப்டம்பர் 30ஓடு நிறுத்திவிட்டார்கள்.

சரி, அப்படியானால் சலுகை எங்கேதான் இருக்கிறது? ஒன்று, கார் விலைக்குள்ளேயே இருக்கிறது. மின்சாரக் காருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். சின்ன பெட்ரோல் காருக்கு 2025 செப்டம்பரில் குறைத்த பிறகும் 18. இதற்கு நீங்கள் எந்தப் படிவமும் நிரப்ப வேண்டியதில்லை. இன்னொன்று சாலை வரி. உங்கள் கேள்வியில் நிஜமான பணம் இருக்கும் இடம் அதுதான்.

கேரளத்தில் 2025 ஏப்ரல் முதல் மின்சாரக் காருக்கு விலையைப் பொறுத்து வரி: 15 லட்சம் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 20 லட்சம் வரை 8, அதையும் தாண்டினால் 10. எட்டரை லட்ச ரூபாய்க் காருக்கு 42,500 வரும். அதே விலைப் பெட்ரோல் காருக்கு அங்கே 13 சதவீதம், அதாவது 1,10,500. ஆக, கேரளத்திலேயே பதிந்தாலும் 68,000 ரூபாய் உங்கள் பக்கம்தான். தமிழ்நாட்டில் பேட்டரி வாகனங்களுக்கு முழு விலக்கு அளித்து வந்தார்கள். ஆனால் அதற்குக் கெடு உண்டு. முதலில் 2022 முடிவு வரை கொடுத்தார்கள், பிறகு 2025 முடிவு வரை நீட்டித்தார்கள். அங்கே பதிகிறவர் யாராக இருந்தாலும், வாங்கும் நாளில் விலக்கு எந்தத் தேதி வரை என்பதை ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுக்கொண்டுதான் முன்பணம் கட்ட வேண்டும்.

இனி அத்தை வீடு. மோட்டார் வாகனச் சட்டம் 40வது பிரிவு, உரிமையாளர் குடியிருக்கிற அல்லது தொழில் செய்கிற இடம், வாகனம் வழக்கமாக நிற்கிற இடம் என்று பார்த்துத்தான் பதிவு செய்யச் சொல்கிறது. 47வது பிரிவின்படி, ஒரு மாநிலத்தில் பதிந்த வண்டி இன்னொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்தால் அங்கே மறுபதிவு செய்தாக வேண்டும். உங்கள் கார் ராத்திரி நிற்பது கொழிஞ்சாம்பாறையில். வேலந்தாவளம் வழியாகக் காலையில் போய் மாலையில் திரும்புகிற வண்டி அது. அத்தை வீட்டு முகவரி கொடுப்பது பொய் முகவரி கொடுப்பதுதான். புதுச்சேரியில் பதிந்து கேரளத்தில் ஓட்டிய சொகுசுக் கார்கள் மீது 2017இல் வழக்குகள் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அதற்குப் பிறகு எல்லையோரத்தில் வெளிமாநிலப் பலகைகளைக் கொஞ்சம் உற்றுத்தான் பார்க்கிறார்கள்.

பிடிபடுவது ஒரு பக்கம் இருக்கட்டும். கணக்கும் இதற்கு ஆதரவாக இல்லை. நாளைக்கு மறுபதிவு என்று வரும்போது தமிழ்நாட்டில் நீங்கள் கட்டியது பூஜ்யம் என்பதால் திரும்பப் பெற எதுவும் இருக்காது. கேரள வரியை அப்போது கட்டியே ஆக வேண்டும். இடையில் தடையில்லாச் சான்று, கடன் கொடுத்த வங்கியின் சம்மதக் கடிதம், இன்ஷூரன்ஸில் முகவரி மாற்றம் என்று ஒவ்வொரு ஜன்னலாக நிற்க வேண்டும். வாரத்தில் ஐந்து நாள் கோவையில் வாடகைக்கு அறை எடுத்து நிஜமாகவே தங்குகிறீர்கள் என்றால் கதை வேறு. வாடகை ஒப்பந்தத்தோடு அங்கேயே பதியலாம். அப்படி இல்லையென்றால் 42,500ஐக் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள்.

கேரளத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. பேட்டரியை வாடகைக்குத் தருகிற திட்டத்தில் கார் விலையைக் குறைத்துக் காட்டுகிறார்கள் அல்லவா, அந்த வகைக்கு அங்கே வரி 10 சதவீதம். போதாததற்கு கிலோமீட்டருக்கு இவ்வளவு என்ற வாடகை வேறு. எம்ஜி விண்ட்ஸர் 2024இல் வந்தபோது பேட்டரி இல்லாமல் 9.99 லட்சம், கிலோமீட்டருக்கு மூன்றரை ரூபாய் என்று அறிவித்தார்கள். மாதம் 2,000 கிலோமீட்டர் ஓடும் உங்களுக்கு வாடகை மட்டும் 7,000. பெட்ரோலில் மிச்சம் பிடிப்பதில் பெரும்பங்கை அதுவே தின்றுவிடும். வாரம் ஒருமுறை சந்தைக்குப் போகிறவருக்கு வேண்டுமானால் அது ஒத்துவரலாம்.

நீங்கள் தேடும் வரிக்கழிவுக்கு நெருக்கமான ஒன்று இருக்கவே இருக்கிறது. கார் விலை 10 லட்சத்தைத் தாண்டினால் விற்பவர் உங்களிடம் 1 சதவீதம் டிசிஎஸ் என்ற வரியைப் பிடிப்பார். பத்தேகால் லட்சம் என்றால் 10,250 ரூபாய். இது தனிச்செலவு இல்லை. உங்கள் பான் எண்ணில் முன்கூட்டியே கட்டிய வரி. உங்களுக்கு வரியே இல்லை என்பதால் கணக்குத் தாக்கல் செய்தால் முழுதும் வங்கிக்குத் திரும்பி வரும். வருமான வரித் தளத்தில் உங்கள் பான் கணக்கில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பில்லில் அந்த வரியைப் பார்த்தும் திரும்பக் கேட்காமல் விடுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன்.

அப்பா பெயரில் வாங்கினால் என்ன? தோப்பு வருமானம் விவசாய வருமானம். அதற்கு மத்திய வருமான வரி கிடையாது, ஆகவே கழிக்கவும் ஒன்றுமில்லை. வியாபாரத்துக்கு முறையாகக் கணக்கு எழுதுகிறார் என்றால் மின்சார வாகனத்துக்கு வருடம் 40 சதவீதம் தேய்மானம் காட்டலாம்; சாதாரணக் காருக்கு 15தான். கடன் வட்டியும் செலவில் சேரும். சொந்த உபயோகப் பங்கை மட்டும் கழித்துக் காட்ட வேண்டும். ஆனால் சிறு வியாபாரிகள் பலரையும் போல விற்றுமுதலில் 8 அல்லது 6 சதவீதம் லாபம் என்று அனுமானமாகக் காட்டுகிறவராக இருந்தால், தேய்மானம் அதற்குள்ளேயே அடங்கிவிட்டதாகக் கணக்கு. தனியாகக் கேட்க முடியாது. ஜிஎஸ்டி உள்ளீட்டு வரியும் இந்த மாதிரிக் காருக்குத் திரும்பக் கிடைக்காது.

இப்போது காருக்கு வருவோம். அறிவிக்கிற தூரத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் கையில் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டு பாருங்கள். டாடா டியாகோவின் மின்சார வடிவம் 19.2 யூனிட், 24 யூனிட் என்று இரண்டு பேட்டரிகளோடு வந்தது. 2025இல் சின்னது 8 லட்சத்தை ஒட்டித் தொடங்கியது, பெரியது 10 லட்சத்தை ஒட்டி. 80 கிலோமீட்டருக்குச் சின்னதே போதும் என்று ஷோரூமில் சொல்வார்கள், பொய்யில்லை. ஆனால் உங்கள் ஊர் பாலக்காட்டுக் கணவாயின் வாயில் இருக்கிறது. ஆடிக் காற்று எப்படி அடிக்கும் என்பதை அங்கே சுற்றும் காற்றாலைகளே சொல்லும். மாலையில் நீங்கள் மேற்கு நோக்கி வீட்டுக்கு வரும்போது அந்தக் காற்று நேர் எதிரே நிற்கும். ஏசியும் ஓடும், மழையும் பெய்யும். அந்த மாதங்களில் சார்ஜ் இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். எட்டு வருடம் ஓட்டி பேட்டரி தளர்ந்த பிறகும் கவலையில்லாமல் போய் வர வேண்டும், பொள்ளாச்சி வழியாகப் பழனிக்கும் போக வேண்டும் என்றால் 24 யூனிட்டை எடுங்கள். சாலை வரி, இன்ஷூரன்ஸ் சேர்த்தும் 12 லட்சத்துக்குள் அடங்கும். எம்ஜி காமெட் ஊருக்குள் சுற்ற நல்ல வண்டிதான். இரண்டே கதவு, அப்பாவும் அம்மாவும் பின்சீட்டுக்கு முன்சீட்டை மடக்கித்தான் நுழைய வேண்டும். உங்கள் வீட்டுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

ஓட்டுகிற செலவு: மாதம் 2,000 கிலோமீட்டருக்கு, லிட்டருக்கு 17 கிலோமீட்டர், பெட்ரோல் 100 ரூபாய் (எல்லை தாண்டித் தமிழ்நாட்டில்தான் போடுவீர்கள், தெரியும்) என்றால் 11,800. மின்சாரத்தில் 280 யூனிட்டுக்கு மேல் ஆகும். இங்கே கவனம் வேண்டும். கேரள மின் வாரியத்தில் வீட்டு இணைப்புக்கு மாதம் 250 யூனிட் வரை படிப்படியான கட்டணம். அதைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே எல்லாவற்றுக்கும் ஒரே உயர் கட்டணம். காரை மாட்டியதும் நீங்கள் அந்தக் கோட்டைத் தாண்டிவிடுவீர்கள். காருக்கு யூனிட்டுக்கு 8 ரூபாய், வீட்டு யூனிட்டுகளுக்கு ஏறும் கட்டணம் எல்லாம் சேர்த்து மாதம் 3,000 என்று தாராளமாகவே வையுங்கள். அப்படியும் 8,800 மிச்சம். எட்டரை லட்சக் காரின் சாலை வரி 42,500 ஐந்து மாதத்தில் வந்துவிடும்; 10 லட்சக் காருக்கான 50,000 ஆறு மாதத்தில்.

250ஐத் தாண்டுகிற வீடுகளுக்கு மாலை 6 முதல் இரவு 10 மணி வரை கட்டணம் கூடுதல். கோவையிலிருந்து வந்த கையோடு மாட்டாமல், படுக்கப் போகும் முன் பத்து மணிக்கு மேல் மாட்டுங்கள். 15 ஆம்பியர் பிளக்குக்கு மீட்டரிலிருந்து தனி ஒயர் இழுக்கச் சொல்லுங்கள். பழைய தோட்டத்து வீடுகளில் எர்த்திங் பெரும்பாலும் பெயருக்குத்தான் இருக்கும். கோடையில் மண் காய்ந்தால் அதுவும் இல்லை. சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு நின்றுவிடும். கார் வீட்டுக்கு வருவதற்கு முன்பே எலக்ட்ரீஷியனை அழைத்து, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் எத்தனை வோல்ட் காட்டுகிறது என்று அளக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் புது எர்த் குழி தோண்டிவிட்டுத்தான் டெலிவரி எடுக்க வேண்டும்.