ஈஸ்ட்போர்னுக்குக் குடிபோகலாமா? ராணிப்பேட்டைத் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி கேட்டது இதுதான். சொந்த ஊர் ராணிப்பேட்டை. மனைவி வேலூரில் நர்சிங் முடித்தவர். இங்கிலாந்து வந்து லெஸ்டரில் குடியிருக்கிறார்கள், மூன்று வயதுப் பையன் இருக்கிறான். இப்போது தென்கரையில் ஈஸ்ட்போர்ன் மருத்துவமனையில் மனைவிக்கு வேலை வந்திருக்கிறது. போன ஆகஸ்டில் சுற்றிப் பார்க்கப் போனபோதே ஊர் பிடித்துப்போய்விட்டதாம். "அண்ணா, அப்படியே கையெழுத்துப் போட்டுடலாமா, இல்ல இன்னொரு வாட்டி போய்ப் பார்க்கணுமா? பார்த்தா என்னத்தைப் பார்க்கறது?"

போய்ப் பாருங்கள். இந்த ஜனவரியிலேயே போங்கள். சனி, ஞாயிறு வேண்டாம். செவ்வாயோ புதனோ போங்கள். ஈஸ்ட்போர்னில் குடியிருக்கிற நான் பொங்கலுக்குக் குடியாத்தம் வந்திருக்கிறேன். வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் பக்கத்து ஊரில் எருது விடுவதைப் பார்க்கப் போய்விட்டார்கள், அதனால் நிதானமாகவே எழுதுகிறேன்.

தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை என்று நம் வேலூருக்கு ஒரு பேர் உண்டு. பாலாற்று மணலைப் பார்த்து வளர்ந்தவன் ஆகஸ்ட் மாதத்து ஈஸ்ட்போர்னைப் பார்த்தால் மயங்கத்தான் செய்வான். 1911 ஜூலையில் அங்கே 383.9 மணி நேரம் வெயில் அடித்தது, ஒரு மாதத்துக்கு இங்கிலாந்திலேயே அதுதான் உச்சம் என்று அந்த ஊர்க்காரர்கள் இன்றும் பெருமை பேசுவார்கள். பெருமை உண்மைதான். ஆனால் ஜனவரியில் நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். குளிர் என்று பார்த்தால் லெஸ்டரைவிட மோசமில்லை, பனி குறைவாகவே விழும். படுத்துவது காற்றுதான். தென்மேற்கிலிருந்து கடலைத் தாண்டி நேராக வந்து மோதும், குடை தாங்காது. பையனைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு கடற்கரைச் சாலையில் அரை மணி நேரம் நடந்து பாருங்கள். வீட்டம்மா அதற்குப் பிறகும் "பரவால்லைங்க" என்று சொன்னால் பாதி வேலை முடிந்தது.

அடுத்தது வீடு. இதில்தான் அவசரப்படக்கூடாது. கடலைப் பார்த்த மாதிரி இருக்கிற நாலு மாடிக் கட்டடங்கள் விக்டோரியா ராணி காலத்தில் விடுதிகளாகவும் பெரிய வீடுகளாகவும் இருந்தவை. இப்போது தளம் தளமாகத் தடுத்து ஃபிளாட் போட்டிருக்கிறார்கள். உயரமான கூரை, ஒற்றைக் கண்ணாடி ஜன்னல், பல வீடுகளில் கேஸ் ஹீட்டிங் கிடையாது. இரவில் மின்சாரத்தில் சூடேறிப் பகலில் வெப்பம் விடுகிற ஸ்டோரேஜ் ஹீட்டர் மட்டும். சாயங்காலம் நீங்கள் வேலை முடிந்து வரும்போது அது ஆறிப்போயிருக்கும், கரண்ட் பில் மட்டும் ஆறாது. மாலை ஆறு மணிக்கு அந்தத் தெருக்களில் நடந்து எத்தனை ஜன்னலில் விளக்கு எரிகிறது என்று பாருங்கள். வாசல் கம்பியில் நம்பர் திருகித் திறக்கிற சின்னச் சாவிப் பெட்டி தொங்கினால், அது பெரும்பாலும் விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடுகிற வீடு. அப்படி நாலு பெட்டி தொங்குகிற கட்டடத்தில் குடும்பத்தோடு போய் உட்காராதீர்கள். கோடை முழுக்க மாடிப்படியில் பெட்டி உருட்டுகிற சத்தம் கேட்கும், குளிர்காலத்தில் மேலேயும் கீழேயும் ஆளிருக்காது, சூடேற்றாத அந்த வீடுகளின் குளிர் உங்கள் வீட்டுக்குள் இறங்கும்.

ஏஜென்ட் வீடு காட்டும்போது அலமாரிக் கதவைத் திறந்து மோந்து பாருங்கள். வெளிச்சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், ஜில்லென்று ஈரம் ஒட்டுகிறதா என்று. ஜன்னல் மூலையில் கரும்புள்ளி, கட்டிலுக்குப் பின்னால் உப்பிய பெயிண்ட், இதெல்லாம் குளிர்காலத்தில்தான் தெரியும். புதுப் பெயிண்ட் வாசனை அடித்தால் இன்னும் உஷாராக இருங்கள். எங்களுக்கு முதலில் வாய்த்த ஹவுஸ் ஓனர் அடித்துக் கொடுத்த வெள்ளை, தீபாவளி தாண்டுவதற்குள் பூஞ்சையாக மலர்ந்தது. வீடு எவ்வளவு மின்சாரம், கேஸ் இழுக்கும் என்று 'ஏ' முதல் 'ஜி' வரை தரம் போடுகிற எனர்ஜி சான்றிதழ், வாடகை வீட்டுக்குக் குறைந்தது 'ஈ' இருக்க வேண்டும் என்பது சட்டம். என்னைக் கேட்டால் 'டி'க்குக் கீழே எடுக்கவே வேண்டாம். டெபாசிட்டாக ஐந்து வார வாடகைக்கு மேலும், வீட்டைப் பிடித்து வைக்க ஒரு வார வாடகைக்கு மேலும் கேட்டால், வாடகைதாரரிடம் வாங்கும் கட்டணங்களைக் கட்டுப்படுத்துகிற 2019 சட்டத்தைச் சொல்லி மறுத்துவிடலாம்.

உங்கள் வேலையைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லையே, அதுதான் எனக்குக் கவலை. லெஸ்டரில் கிடங்கு வேலை பார்ப்பதாகச் சொன்னீர்கள். அங்கே எம்1 சாலை பக்கத்திலேயே ஓடுகிறது, நாலு திசைக்கும் லாரி போகும், கிடங்குக்குப் பஞ்சமில்லை. கடற்கரை ஊருக்குத் தெற்கே தண்ணீர்தான். அந்தப் பக்கம் ஊரும் இல்லை, கம்பெனியும் இல்லை, வாடிக்கையாளரும் இல்லை. வடக்கே மிச்சமிருக்கிற பாதியிலும் மோட்டார்வே கிடையாது; லூயிஸ் போகிற ஏ27 சாலையே பெரும்பகுதி ஒற்றைப் பாதைதான், டிராக்டர் முன்னால் போனால் அதன் பின்னால் நீங்கள். ஊருக்குள் இருப்பது மருத்துவமனை, முதியோர் இல்லம், ஹோட்டல், கடை. ஹோட்டல் வேலை அக்டோபரில் சுருங்கும். கேட்விக் விமான நிலையத்துக்கு ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம், அங்கே ஷிப்டு வேலை பார்த்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. ஆனால் விடிகாலை ஷிப்டுக்கு முதல் ரயில் சரியாக வருமா என்று நேரப் பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள். இருவரில் ஒருவர் சம்பளத்தில் எத்தனை மாதம் ஓட்ட முடியும் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டுவிட்டுப் பிறகு கடலைப் பாருங்கள்.

மருத்துவமனை விஷயத்தில் ஒரு கேள்வியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: எந்த ஊரில் டியூட்டி? ஈஸ்ட்போர்ன், ஹேஸ்டிங்ஸ் இரண்டு ஊர் மருத்துவமனையும் ஒரே டிரஸ்ட்டின் (அரசு மருத்துவமனைகளை நடத்துகிற அமைப்பு) கீழ் இருக்கின்றன. நியமனக் கடிதத்தில் "தேவைப்பட்டால் எங்கும்" என்ற மாதிரி ஒரு வரி இருந்தால், இரவு டியூட்டி முடிந்து ஹேஸ்டிங்ஸிலிருந்து எப்படித் திரும்புவது என்று யோசிக்க வேண்டும். இரண்டாவது குழந்தை யோசனை இருந்தால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: டாக்டர்கள் முழுநேரம் இருக்கிற பிரசவப் பிரிவும், குழந்தைகளைச் சேர்த்துப் பார்க்கிற வார்டும் 2013இல் ஹேஸ்டிங்ஸுக்குப் போய்விட்டன. விசா பற்றிச் சுருக்கமாக: டிரஸ்ட் மாறினால் ஸ்பான்சர் மாறுகிறார், புது சி.ஓ.எஸ். (ஸ்பான்சர் செய்கிற மருத்துவமனை விசாவுக்காகத் தருகிற சான்று) வாங்கி, விசா கைக்கு வந்த பிறகுதான் அங்கே சேர முடியும். அதுவரை லெஸ்டர் வேலையை விடக்கூடாது.

எந்தப் பகுதி என்று கேட்டால், மீட்ஸ் அழகு, ஆனால் நம் பைக்குள் அடங்காது. சாவரின் ஹார்பர் பக்கம் புதுக் கட்டடங்கள், ஈரம் குறைவு. ஆனால் பல வீடுகளில் வாடகையோ கடனோ போகத் துறைமுகப் பராமரிப்பு, கடல் அரண் என்று தனிக் கட்டணம் இருக்கிறது, யார் கட்டுவது என்று முதலிலேயே கேளுங்கள். மருத்துவமனைக்கு நடந்து போகிற தூரம் என்றால் ஹாம்ப்டன் பார்க் பக்கம் பாருங்கள். அங்கே ஒரே தொல்லை ரயில்வே கேட். ஈஸ்ட்போர்னில் தண்டவாளம் முடிந்துவிடுவதால் லண்டனிலிருந்து ஹேஸ்டிங்ஸ் போகிற ரயில் ஊருக்குள் வந்து, திரும்பி, மறுபடி அதே கேட்டைத் தாண்டும். காட்பாடி கேட்டில் நின்ற அனுபவம் உள்ளவர்களுக்கு அது பெரிதாகத் தெரியாது. பையனுக்குப் பள்ளி விண்ணப்பக் கெடு சேருகிற ஆண்டு ஜனவரி 15, அதற்குள் முகவரி உறுதியாக இருந்தால் நல்லது.

லெஸ்டரில் பெல்கிரேவ் ரோட்டில் இறங்கினால் எல்லாம் கிடைக்கிறது. ஈஸ்ட்போர்னிலும் கறிவேப்பிலைக்கு அலைய வேண்டாம், சின்னச் சின்ன ஏசியன் கடைகள் இருக்கின்றன. முருங்கைக்காய், நல்ல இட்லி அரிசி, முருகன் கோயில் என்று போனால் தெற்கு லண்டனில் க்ராய்டன் பக்கம் போக வேண்டும். லண்டன் விக்டோரியா போகிற ரயில் ஈஸ்ட் க்ராய்டனில் நிற்கும், அது ஒரு வசதி. தமிழ்க் குடும்பங்கள் விரல் விட்டு எண்ணுகிற அளவுதான், பெரும்பாலும் மருத்துவமனைக் குடும்பங்கள். எதிர்வீட்டுப் பாட்டி மூன்று மாதம் "குட் மார்னிங்" மட்டும் சொல்வார், நாலாவது மாதம் கேக்கோடு வருவார். சொந்தக்காரர் பஞ்சமும் கோடையில் தீர்ந்துவிடும். லண்டன் ஈஸ்ட் ஹாமிலிருந்து பிரியாணிப் பாத்திரத்தோடு வந்து இறங்குவார்கள். அவர்களை ஊரை ஒட்டிய பீச்சி ஹெட் கடற்பாறைக்கு அழைத்துப் போனால் விளிம்புக்கு விடாதீர்கள். 162 மீட்டர் உயரம், வெறும் சுண்ணாம்புப் பாறை, கீழே அரித்து மேலே தொங்கிக்கொண்டிருக்கும். போட்டோ எடுக்க அது இடமில்லை.

கடற்காகங்கள் வேறு. போன கோடையில் என் தங்கை மகன் கையில் இருந்த சமோசாவை ஒன்று பின்னாலிருந்து வந்து முழுசாக எடுத்துப் போனது, பையனுக்குக் காகிதம்தான் மிஞ்சியது. குப்பையைப் பையில் கட்டி வெளியே வைத்தால் விடிவதற்குள் தெருவெல்லாம் கோழி எலும்பு கிடக்கும். மூடி போட்ட தொட்டி உள்ள வீடா என்று கேளுங்கள். அவற்றைச் சட்டம் பாதுகாக்கிறது, கல்லெறிய முடியாது.

போகிற நாளில் காலை ரயிலில் இறங்கி, மதியத்துக்குள் இரண்டு வீடு பாருங்கள், கடற்கரையைச் சாயங்காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரவு எட்டு மணிக்கு மருத்துவமனை வாசல் பஸ் நிறுத்தத்தில் நின்று அடுத்த பஸ் எப்போது வருகிறது என்று பாருங்கள், உங்கள் மனைவி வாரத்தில் பல நாள் அங்கேதான் நிற்கப்போகிறார். டியூட்டி எந்த ஊர் என்று கடிதம் வந்ததும் எனக்குச் சொல்லுங்கள். மாதக் கடைசியில் திரும்பிவிடுவேன், ஹாம்ப்டன் பார்க்கில் ஏதாவது வீடு காலியானால் நானே போய் அலமாரியைத் திறந்து மோந்து பார்த்துச் சொல்கிறேன்.