"அத்தா வீட்ல இல்லன்னு சொல்லு": பொய்யைப் பத்தி நீங்க கேட்டதும் நான் சொன்னதும்

அஸ்ஸலாமு அலைக்கும். போன ஜும்மாவுக்கு அப்புறம் மண்ணடில டீ குடிச்சிட்டே பொய்யைப் பத்தி பேச ஆரம்பிச்சோம், அதுல இருந்து கேள்வி வந்துட்டே இருக்கு. எனக்கு தெரிஞ்ச வரைக்கும் எழுதுறேன்.

கேள்வி (வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு, துணிக்கடை): பாய், பேரம் பேசும்போது "வல்லாஹி (அல்லாஹ் மேல சத்தியமா), எனக்கே இந்த விலைதான்"னு வாய்ல வந்துடுது. எல்லா கடைலயும் சொல்றதுதானே, இதெல்லாமா பொய்ல சேரும்?

பதில்: சேரும் தம்பி. அல்லாஹ் பேரை வச்சு சொல்றதால இன்னும் கனமாத்தான் சேரும். சத்தியம் பண்ணா சரக்கு போயிடும், ஆனா பரக்கத் (அல்லாஹ்வோட அருள்) அழிஞ்சிடும்னு நபி (ஸல்) அவங்க சொன்னது புகாரிங்கற ஹதீஸ் (நபிமொழி) தொகுப்புல இருக்கு.

நானும் உங்க வயசுல பர்மா பஜார் பக்கம் ஒரு கடைல கவுண்டர்ல நின்னவன்தான். ரிப்பேர் பண்ண டேப் ரெக்கார்டரை துடைச்சு பாலிதீன் கவர் போட்டு புதுசுன்னு வித்தேன். வாங்கினவர் காசிமேட்டுல போட்டுக்கு போறவர், லுங்கி மடிப்புல இருந்து ஈர நோட்டை ஒவ்வொண்ணா பிரிச்சு கண்ணாடி மேல வச்சாரு, கவுண்டர் பூரா மீன் வாசனை. நாலாம் நாள் திரும்ப வந்தாரு, ஓனர் "பில் எங்க"ன்னு விரட்டிட்டாரு. அவர் ஓனரை பாக்கவே இல்ல, என் மூஞ்சியத்தான் பாத்துட்டு போனாரு. அதுக்கப்புறம் எவ்வளவோ தடவை அந்தப் பக்கம் தேடிட்டேன், அவரை பாக்கவே முடியல.

ஒரு தடவை நபி (ஸல்) அவங்க சந்தைல ஒரு தானியக் குவியலுக்குள்ள கையை விட்டாங்க, விரல்ல ஈரம் பட்டுச்சு. என்ன இதுன்னு கேட்டா மழைல நனைஞ்சிடுச்சுன்னு சொன்னார் வியாபாரி. அப்ப ஜனங்க கண்ணுக்கு தெரியுற மாதிரி மேல வச்சிருக்கலாமே, ஏமாத்துறவன் என்னைச் சேர்ந்தவன் இல்லன்னு சொல்லிட்டாங்க. வாங்கின விலைய நீங்க யார்கிட்டயும் சொல்லணும்னு கட்டாயம் கிடையாது, "இதுக்கு மேல குறைக்க மாட்டேன்மா"ன்னு சொல்லுங்க, அது போதும். அதுக்கு எதுக்கு வல்லாஹி?

கேள்வி (தண்டையார்பேட்டை, ரெண்டு பிள்ளைங்க அம்மா): சின்னவன் சாப்பிடவே மாட்டேங்குறான் பாய். சாப்ட்டா பீச்சுக்கு போலாம்னு சொல்லி ஊட்டிடுவேன், போக மாட்டோம். பிள்ளைங்ககிட்ட சொல்றதுக்கும் கேள்வி உண்டா?

பதில்: உண்டும்மா. அப்துல்லாஹ் பின் ஆமிர் (ரலி) சின்னப் பையனா இருந்தப்ப அவங்க அம்மா "இங்க வா, உனக்கு ஒண்ணு தரேன்"னு கூப்பிட்டாங்க. நபி (ஸல்) அவங்க வீட்டுலதான் உக்காந்திருந்தாங்க. என்ன தரப்போறேன்னு கேட்டாங்க, பேரீச்சம்பழம்னு அந்தம்மா சொன்னாங்க. நீ எதுவும் குடுக்காம இருந்திருந்தா உன் மேல ஒரு பொய் எழுதப்பட்டிருக்கும்னாங்க. அபூதாவூத் ஹதீஸ் தொகுப்புல இருக்கு. ஒரே ஒரு பேரீச்சம்பழம்மா! அதனால நிறைவேத்த முடிஞ்சத மட்டும் சொல்லுங்க, மொட்டை மாடிக்கு கூட்டிட்டு போறேன்னு சொல்லி நிஜமாவே கூட்டிட்டு போங்க.

இன்னொண்ணும் இதோட சேத்து சொல்லிடுறேன். தண்டல்காரர் கதவு தட்டினா "அத்தா வீட்ல இல்லன்னு சொல்லு"ன்னு பிள்ளைய அனுப்புற வீடு நம்ம ஏரியால நிறைய. அந்தப் பிள்ளைக்கு முதல் பொய்ய நம்மளே கையப் புடிச்சு எழுதிக் குடுக்குறோம், அப்புறம் எக்ஸாம் மார்க்க மறைச்சான்னு அடிக்கிறோம்.

கேள்வி (ராயபுரம், காலேஜ் பையன்): ப்ராங்க் வீடியோ எடுக்கலாமா?

பதில்: ஜனங்கள சிரிக்க வைக்க பொய் பேசுறவனுக்கு கேடுன்னு ஹதீஸ் இருக்கு. நபியும் தமாஷ் பண்ணுவாங்க, ஆனா உண்மைய வச்சு. சவாரிக்கு ஒட்டகம் கேட்டவர்கிட்ட "ஒட்டகக் குட்டி தரேன்"னாங்க, அவர் முழிச்சாரு, எல்லா ஒட்டகமும் ஒரு ஒட்டகத்தோட குட்டிதானேன்னாங்க.

கேள்வி: வாட்ஸாப்ல வந்தத அப்படியே அனுப்புறேன், நான் எழுதினது இல்லையே?

பதில்: கேட்டதையெல்லாம் சொல்றதே ஒருத்தன் பொய்யன்ங்கறதுக்கு போதும்னு முஸ்லிம்ங்கற ஹதீஸ் தொகுப்புல இருக்கு. விசாரிக்காம அனுப்பாதீங்க, அவ்வளவுதான்.

கேள்வி (பெரம்பூர், மருமக): எங்க மாமியாருக்கும் நாத்தனாருக்கும் பேச்சு இல்ல. சமாதானம் பண்ண கொஞ்சம் கூட்டிச் சொல்லலாமா?

பதில்: ரெண்டு பேரை சேத்து வைக்க நல்லத சொல்றவன் பொய்யன் இல்லன்னு நபி (ஸல்) அவங்களே சொல்லியிருக்காங்க, உம்மு குல்ஸூம் (ரலி) அறிவிச்சது. "உங்கள பத்தி பாசமா கேட்டாங்க"ன்னு சொல்லுங்க, தப்பில்ல. அந்த வாசல் வழியா உங்க சொந்த ஆதாயத்த மட்டும் உள்ள கொண்டு வந்துடாதீங்க.

கேள்வி (ட்ரெய்லர் ஓட்டுறவர்): எண்ணூர் ரோட்ல என் வண்டி ஒரு பைக்க உரசிடுச்சு, அந்தப் பையனுக்கு கால் எலும்பு முறிஞ்சிடுச்சு. தப்பு என்மேலதான். பைக்காரன்தான் ராங் சைடுல வந்தான்னு எழுதிக் குடுன்னு ஆபீஸ்ல சொல்றாங்க. உண்மைய சொன்னா வேலை போயிடும் பாய்.

பதில்: நேத்து ராத்திரி இத படிச்சிட்டு ரொம்ப நேரம் தூக்கம் வரல.

நபித்தோழர் கஅப் பின் மாலிக் (ரலி) கதை உங்களுக்கு தெரிஞ்சிருக்கும். ஹிஜ்ரி 9, தபூக் போருக்கு எல்லாரும் கிளம்புறாங்க, இவர் நாளைக்கு கிளம்பலாம் நாளைக்கு கிளம்பலாம்னு தங்கிட்டாரு. படை திரும்பினதும் போகாத 80 பேருக்கு மேல வந்து ஆளுக்கொரு சாக்கு சொன்னாங்க, நபியும் ஏத்துக்கிட்டாங்க. கஅப் நல்லா பேசத் தெரிஞ்சவர், சொல்லியிருந்தா தப்பிச்சிருப்பாரு. ஆனா "எனக்கு எந்த காரணமும் இல்ல"ன்னு சொல்லிட்டாரு. அவங்க ஆளுங்களே ஏன்டா இப்படி சொன்னேன்னு திட்டினதுல, திரும்பிப் போய் பொய் சொல்லிடலாமான்னு கூட அவருக்கு தோணுச்சாம், அத மறைக்காம அவரே சொல்றாரு. அவர்கிட்ட பேச வேண்டாம்னு நபி சொல்லிட்டதால 50 நாள் யாரும் பேசல. பள்ளிவாசல்ல போய் நபிக்கு சலாம் சொல்லிட்டு, பதிலுக்கு உதடாவது அசையுதான்னு பாப்பாராம். 50வது நாள் ஃபஜ்ர் (விடியற்காலை) தொழுகைக்கு அப்புறம்தான் மலை மேல இருந்து "கஅபே, சந்தோஷப்படு"ன்னு ஒரு சத்தம் வந்துச்சு. மன்னிப்பு இறங்கின அந்த இடத்துலதான், குர்ஆன்ல அத்தவ்பா அத்தியாயம் 119வது வசனத்துல, உண்மையாளர்களோட இருங்கன்னு அல்லாஹ் சொல்றான்.

அந்த 50 நாள் லேசானதுன்னு நான் சொல்ல மாட்டேன். வாடகை, ஸ்கூல் பீஸ் எல்லாம் உங்களுக்கும் இருக்கும். ஆனா நீங்க எழுதப்போற பேப்பர் உங்க பொய்யோட நிக்காது, கால் உடைஞ்ச பையனோட நஷ்டஈடும் அதுல போயிடும். பொய் சாட்சியப் பத்தி சொல்லும்போது சாஞ்சிருந்த நபி (ஸல்) அவங்க நிமிர்ந்து உக்காந்து, இதோட நிறுத்திட மாட்டாங்களான்னு கூட இருந்தவங்க நினைக்கிற அளவுக்கு திரும்பத் திரும்ப சொன்னாங்க.

கையெழுத்து போடாதீங்க தம்பி. முதல்ல ஒரு வக்கீல பாருங்க, நானும் கூட வரேன். அப்புறம் அந்தப் பையன் வீட்டுக்கு ரெண்டு பேரும் போவோம். வேலை போனா மண்ணடில இரும்புக் கடைங்கள்ல லோடு வண்டிக்கு ஆள் தேடிட்டுதான் இருக்காங்க, நான் கேட்டுப் பாக்குறேன். நாளைக்கு ஆபீஸ் போறதுக்கு முன்னாடி, ஃபஜ்ர் முடிஞ்சதும் எனக்கு போன் போடுங்க.