வைக்கத்தில் பேசித் தீர்த்தார்களா?

கேள்வி: மறியல், முற்றுகை என்று ஊரைத் தொந்தரவு செய்யாமல், நிதானமாகப் பேசித் தீர்த்தால் என்ன? வைக்கம் அகிம்சையால்தானே வென்றது?

பதில்: நல்லவேளை, வைக்கத்தை நீங்களே இழுத்தீர்கள். அங்கே முதலில் பேசித்தான் பார்த்தார்கள். தீண்டாமைக்கு ஆளான ஈழவர் சாதித் தலைவர்கள், வைக்கம் இருந்த திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் பிரதிநிதிகள் சபையான பிரஜாசபையில் முறையிட்டு அலுத்துப்போனார்கள். அப்போது கேட்டது வைக்கம் கோயிலுக்குள் போகக்கூட இல்லை, அதைச் சுற்றியிருந்த வீதிகளில் நடக்க! 1924 மார்ச் 30 அன்று ஒரு புலையர், ஒரு ஈழவர், ஒரு நாயர் என மூன்று தொண்டர்கள் தடையைத் தாண்டப் போய்க் கைதானார்கள். அதன் பிறகுதான் அரசுக்குக் காது கேட்டது.

நீங்கள் சொல்லும் தொந்தரவு இதுதான். தலைவர்களை உள்ளே போட்டார்கள். ஈரோட்டிலிருந்து பெரியார் போனார். இரண்டு முறை சிறை, இரண்டாவது முறை கடுங்காவல். நாகம்மையார் பெண்களைத் திரட்டினார். மழைக்கால வெள்ளத்தில் தொண்டர்கள் தண்ணீரில் நின்றார்கள், தடுத்த போலீஸ்காரர்கள் படகில் இருந்தார்கள். ராமன் இளையது என்பவரின் கண்ணில் அடியாட்கள் சுண்ணாம்பைப் பூசினார்கள். அகிம்சை என்றால் யாருக்கும் வலிக்காது என்று யார் உங்களுக்குச் சொன்னது?

நீங்கள் விரும்பும் நிதானமும் அங்கே இருந்தது. நாயர் தலைவர் மன்னத்து பத்மநாபன் தலைமையில் சவர்ணர்களே, அதாவது மேல்சாதியினரே, திருவனந்தபுரத்துக்கு நடந்துபோய், சுமார் 25,000 கையெழுத்துகளோடு மகாராணியிடம் மனுக் கொடுத்தார்கள். வீண் என்று சொல்லமாட்டேன். ஆனால் தடுப்பு வேலியில் ஆட்கள் நிற்காவிட்டால் அந்த நடைப்பயணம் புறப்பட்டே இருக்காது. அப்படியும் 1925 பிப்ரவரியில் சட்டசபைத் தீர்மானம் ஒரே ஓட்டில் தோற்றது. மார்ச்சில் காந்தி, வீதிகளைத் திறக்க மறுத்த பழமைவாதிகளின் தலைவரான இண்டந்துருத்தி நம்பூதிரியைத் தேடிப்போய்ப் பேசினார். காந்தியையே மனைக்குள், அதாவது நம்பூதிரியின் வீட்டுக்குள், விடாமல் வெளியே உட்காரவைத்துத்தான் பேசினார்கள். நம்பூதிரி மசியவில்லை. (அந்த மனை பிற்பாடு கள் இறக்கும் தொழிலாளர் சங்கத்தின் அலுவலகமானது. நம்பூதிரி பார்த்திருக்க வேண்டும்!)

கடைசியில் 1925 நவம்பரில் சமரசம். மூன்று வீதிகள் திறந்தன, கிழக்கு வீதி மூடியே கிடந்தது. அகிம்சை முக்கால் பங்கு வென்றது என்று வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள். மிச்சக் கால் பங்கை நிதானத்தின் கணக்கில் வையுங்கள். கோயில் கதவு திறக்க 1936 நவம்பர் 12 வரை ஆயிற்று. அதுவும், ஈழவர்கள் கூட்டமாக மதம் மாறிவிடுவோம் என்று பேசத் தொடங்கிய பிறகு.