போதகருக்காக என்ன கேட்டு ஜெபிப்பது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் எல்லோருக்காகவும் ஜெபிக்கிறவரே போதகர்தான். அவருக்காக நாங்கள் ஜெபிப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை ஆகிவிடாதா?

பதில்: அப்போஸ்தலனாகிய பவுல் அப்படி நினைக்கவில்லையே. தெசலோனிக்கேயில் இருந்தவர்கள் விசுவாசத்துக்கு வந்து அதிக காலம் ஆகாதவர்கள். அவர்களிடம்தான் "சகோதரரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்" என்று எழுதினார் (1 தெச. 5:25). கொரிந்து சபையார் அவரோடு மல்லுக்கு நின்றவர்கள், அவர்களிடமும் விண்ணப்பத்தினால் உதவிசெய்யுங்கள் என்றே கேட்டார் (2 கொரி. 1:11). பழுத்த விசுவாசிகள் மட்டும் ஜெபித்தால் போதும் என்ற எண்ணம் அவரிடம் இல்லை.

எபிரெயர் 13:17-ஐயும் பாருங்கள். நடத்துகிறவர்களுக்குக் கீழ்ப்படியுங்கள் என்ற பகுதியைப் பலமுறை கேட்டிருப்பீர்கள். அதே வசனம், அவர்கள் அந்த வேலையைத் துக்கத்தோடே செய்தால் "அது உங்களுக்குப் பிரயோஜனமாயிருக்கமாட்டாதே" என்று முடிகிறது. நொந்துபோன மேய்ப்பனால் மந்தைக்கும் நஷ்டம். அடுத்த வசனமே "எங்களுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்" என்றுதான் தொடங்குகிறது. இரண்டையும் சேர்த்து வாசிக்காததால்தான் உங்கள் கேள்வியே எழுகிறது என்பது என் எண்ணம்.

கேள்வி: "எங்கள் போதகரை ஆசீர்வதியும்" என்பதற்கு மேல் எனக்கு வார்த்தை வருவதில்லை. எதைக் கேட்பது?

பதில்: பவுல் தனக்காகக் கேட்கச் சொன்னவற்றிலிருந்து தொடங்குங்கள். எபேசியர் 6:19, 20-ல் தைரியமாய்ப் பேச வாக்குக் கொடுக்கப்பட வேண்டும் என்கிறார். எழுதும்போது கையில் சங்கிலி. அந்த இடத்தில் அதைக் கழற்றச் சொல்லிக் கேட்கவில்லை. கொலோசெயர் 4:3, 4-ல் வசனத்துக்கு வாசல் திறக்க வேண்டும், பேசவேண்டியபடி பேச வேண்டும். 2 தெசலோனிக்கேயர் 3:1, 2-ல் வசனம் பரம்ப வேண்டும், பொல்லாத மனுஷரிடமிருந்து விடுதலை வேண்டும். இந்த மூன்று இடத்திலும் முதலில் நிற்பது வசன ஊழியம். நம் ஜெபங்களிலோ அது பெரும்பாலும் கடைசியில் வருகிறது, அல்லது வருவதே இல்லை.

ஆகவே பிரசங்கத்துக்காக வாரம் முழுவதும் ஜெபியுங்கள். வாரத் தொடக்கத்தில், எந்தப் பகுதியை எடுப்பது என்ற தெளிவுக்காகவும் அதைச் சரியாகப் புரிந்துகொள்வதற்காகவும். நடுவாரத்தில், படிக்கிற நேரம் பறிபோகாதபடி. ஓர் அடக்க ஆராதனை, ஒரு மருத்துவமனைச் சந்திப்பு, ஒரு குடும்பச் சண்டை வந்தால் போதும், ஆயத்த நேரம் அப்படியே போய்விடும். ஆராதனைக்கு முந்தின இரவில் நல்ல தூக்கத்துக்காக. அடுத்து எந்தப் பகுதி என்று தெரிந்தால் பெயர் சொல்லியே கேளுங்கள்: "ஆண்டவரே, இந்த வாரம் யோனா நான்காம் அதிகாரத்தை எடுத்திருக்கிறார். வசனம் சொல்லாததை அவர் சொல்லாதபடியும், சொல்வதைப் பயந்து விட்டுவிடாதபடியும் காத்துக்கொள்ளும்."

ஆராதனை முடிந்த பிறகும் ஜெபம் தேவை. வாசலில் நின்று எல்லோருக்கும் கைகொடுக்கிற அந்தப் பத்து நிமிடத்தைக் கவனித்துப் பாருங்கள். ஒருவர் மைக் இரைச்சலைப் பற்றிச் சொல்வார். அடுத்தவர் தன் அறுவைசிகிச்சைத் தேதியைச் சொல்வார். மூன்றாமவர், போன வாரப் பிரசங்கம் இதைவிட நன்றாக இருந்தது என்பார். உடம்பும் மனதும் காலியாகி நிற்கிற நேரத்தில் மூவருக்கும் அவர் முகம் கொடுக்க வேண்டும். ஆராதனை முடிந்த மதியத்தையும் உங்கள் ஜெபக்குறிப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி, போதகர் என்ற ஆளுக்காக. 1 தீமோத்தேயு 3:1-7-ல் கண்காணிக்கு, அதாவது சபையை நடத்துகிறவருக்கு, வேண்டிய குணங்கள் இருக்கின்றன: தெளிந்த புத்தி, பொறுமை, பண ஆசையில்லாமை, சொந்தக் குடும்பத்தை நன்றாய் நடத்துதல், புறம்பானவர்களிடம் நற்சாட்சி. நாளுக்கு ஒரு குணம் என்று எடுங்கள். சந்தேகப்பட்டு அல்ல, விழக்கூடிய இடங்கள் அவை என்பதால். போதகரின் மனைவிக்காகவும் பிள்ளைகளுக்காகவும் ஜெபிக்கும்போது "சபைக்கு மாதிரியாக இருக்கட்டும்" என்பதோடு நிறுத்தாதீர்கள். எல்லோர் கண்ணும் தங்கள் மேல் இருக்கிறது என்ற பாரம் இல்லாமல் அந்தப் பிள்ளைகள் பிள்ளைகளாகவே வளரவும் கேளுங்கள். சரீரசுகத்தையும் விடவேண்டாம். தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறைப் பற்றியும் பவுல் அக்கறையோடு எழுதியிருக்கிறார் (1 தீமோ. 5:23).

கேள்வி: சில பேர் சேர்ந்து வாரம் ஒருநாள் ஒரு மணி நேரம் போதகருக்காக ஜெபிக்கத் தொடங்கினோம். கொஞ்ச நாளில் பேச்சு அதிகமாகி, ஜெபம் குறைந்து, நின்றேவிட்டது. எங்கே தவறு?

பதில்: நேரம் நீளம், விஷயம் மொட்டை. பேசித்தான் அதை நிரப்ப முடியும். மூன்று நான்கு பேர், 20 நிமிடம் போதும். ஒரு வேதபகுதி வாசிக்க மூன்று நிமிடம், குறிப்புகள் சொல்ல இரண்டு நிமிடம், மீதியெல்லாம் ஜெபம். ஒவ்வொருவரும் ஒரே காரியத்துக்காகச் சுருக்கமாக ஜெபித்துவிட்டு அடுத்தவருக்கு விடட்டும். தனியாக ஜெபிப்பவர்கள், ஏற்கெனவே பழக்கத்தில் உள்ள குடும்ப ஜெபத்தோடு ஐந்து நிமிடம் சேர்த்தால் நிற்கும்.

குறிப்பு சொல்லும் அந்த இரண்டு நிமிடம்தான் ஆபத்தான இடம். "ஜெபத்துக்காகத்தான் சொல்கிறேன்" என்று தொடங்குவது பெரும்பாலும் புறங்கூறுதலில் போய் முடியும். போதகர் தாமே சொன்னதை மட்டும் குறிப்பாக வையுங்கள். மாதம் ஒருமுறை "எதற்காக ஜெபிக்கட்டும், ஐயா?" என்று கேளுங்கள். அவர் சொல்வதை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். ஒருமுறை போட்டுவிட்டால் அதன்பின் அவர் "பொதுவா ஜெபியுங்கள்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

இன்னொன்று, அவரை எதிரில் வைத்துக்கொண்டு "பிரசங்கத்தைச் சுருக்கமாய் முடிக்கும் கிருபையைத் தாரும்" என்று ஜெபிக்கிறவர்கள் உண்டு. அது ஆண்டவருக்குப் போகிற விண்ணப்பமே அல்ல!

கேள்வி: போதகர் எடுத்த ஒரு முடிவில் எனக்கு மிகுந்த மனவருத்தம். ஜெபிக்க உட்கார்ந்தால் குற்றச்சாட்டுதான் வருகிறது.

பதில்: வரட்டும். சங்கீதக்காரர்களும் முறையிட்டார்கள். ஆனால் "அவர் மனதை மாற்றும்" என்று தொடங்காதீர்கள். "யார் பக்கம் தவறு என்று காட்டும்" என்று கேளுங்கள். அவரால் உங்களுக்குக் கிடைத்த ஒரு நன்மைக்காக உண்மையாகவே நன்றி சொல்லுங்கள். பிறகு அவரிடமே தனியாகப் போய்ப் பேசுங்கள் (மத். 18:15).

கேள்வி: காணிக்கைக் கணக்கில் போதகர் தவறு செய்ததற்கு ஆதாரம் இருக்கிறது. "அபிஷேகம்பண்ணப்பட்டவரைத் தொடாதே, ஜெபித்துவிட்டுச் சும்மா இரு" என்கிறார்கள். அப்படித்தான் செய்ய வேண்டுமா?

பதில்: இல்லை. அந்த வாக்கியம் சங்கீதம் 105:15-லிருந்து வருகிறது. ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு ஆகியோர் அந்நியராய் அலைந்தபோது ராஜாக்கள் அவர்களுக்குத் தீங்கு செய்யாதபடி கர்த்தர் காத்ததைச் சொல்கிற இடம் அது. ஊழியக்காரரிடம் கணக்குக் கேட்கக்கூடாது என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தாவீதும் அபிஷேகம் பெற்றவர்தான். தீர்க்கதரிசி நாத்தான் அவர் முகத்துக்கு நேராக "நீயே அந்த மனுஷன்" என்றார் (2 சாமு. 12:7).

மூப்பர்மேல், அதாவது சபைத் தலைவர்மேல், வரும் குற்றச்சாட்டை இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் ஏற்காதே என்கிறது 1 தீமோத்தேயு 5:19. வதந்தியிலிருந்து போதகரைக் காக்கிற வசனம் இது. பாவத்தில் நடப்பவர்களை எல்லோருக்கும் முன்பாகக் கடிந்துகொள் என்கிறது அடுத்த வசனம். இது சபையைக் காக்கிறது. ஆதாரத்தின் நகலைப் பத்திரப்படுத்துங்கள். நீங்கள் ஒருவரே போகாமல், விஷயம் தெரிந்த இன்னொருவரோடு மூப்பர்களிடமோ நிர்வாகக் குழுவிடமோ எழுத்தில் கொடுங்கள். குற்றம் சட்டப்படி தண்டனைக்குரியதாக இருந்தால், குறிப்பாகப் பிள்ளைகளோ பெண்களோ பாதிக்கப்பட்டிருந்தால், உள்விசாரணை முடியட்டும் என்று காத்திருக்காமல் காவல்துறையிடம் போங்கள். உண்மை வெளிவரவும், பாதிக்கப்பட்டவர்கள் காக்கப்படவும், அவர் மனந்திரும்பவும் ஜெபியுங்கள். மூடிமறைக்கப்பட வேண்டும் என்று யாராவது ஜெபித்தால் அதற்கு ஆமென் சொல்லாதீர்கள்.

கேள்வி: எங்கள் போதகர் மிகவும் சோர்ந்துபோயிருக்கிறார். உபவாச ஜெபம் வைக்கலாமா?

பதில்: வையுங்கள், ஆனால் அதையும் அவரே நடத்தும்படி வைக்காதீர்கள். 1 இராஜாக்கள் 19-ல் எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் சாகக் கேட்டார். உடனே தேவன் அவருக்குப் புத்தி சொல்லவில்லை. தூங்கவிட்டார். தூதன் தட்டியெழுப்பிச் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். மறுபடி தூக்கம், மறுபடி சாப்பாடு. ஓரேப் மலையில்தான் "இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வி வருகிறது. அதன்பின் எலிசா என்ற துணையாள்.

அதே வரிசையில் கேளுங்கள்: தூக்கம், ஆகாரம், தனிமை தீர்க்க ஒரு நண்பர். கேட்டதோடு நில்லாமல், வாரக்கூட்டத்தை ஒரு மாதத்துக்கு வேறொருவர் நடத்த ஏற்பாடு செய்யுங்கள். வாரத்தில் ஒரு நாள் அவருக்கு போன் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தூக்கமின்மையும் எதிலும் பிடிப்பில்லாத நிலையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். சாவைப் பற்றிப் பேசினால் தனியே விடாமல் உடனே அழைத்துச் செல்லுங்கள். மருத்துவரிடம் போவது அவிசுவாசம் அல்ல.

கேள்வி: எங்கள் முந்தைய போதகருக்காக அவ்வளவு ஜெபித்தோம். கேட்டதற்கு நேர்மாறாக நடந்தது. இனி எப்படிக் கேட்பது?

பதில்: ரோமர் 15:30-32-ல் பவுல் ரோமாபுரியாரிடம் தன்னோடு ஜெபத்தில் போராடச் சொன்னார். யூதேயாவின் அவிசுவாசிகளிடமிருந்து தப்ப வேண்டும். அவர் கொண்டுபோகிற உதவியை எருசலேமின் பரிசுத்தவான்கள் ஏற்க வேண்டும். சந்தோஷத்தோடே ரோமுக்கு வர வேண்டும். நடந்ததை அப்போஸ்தலர் 21 முதல் வாசியுங்கள். சகோதரர் சந்தோஷமாய் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் எதிரிகள் அவரைத் தேவாலயத்தில் பிடித்து, வெளியே இழுத்து அடித்தார்கள். ரோமச் சேவகர் காப்பாற்றிக் கட்டி வைத்தார்கள். அவரைக் கொல்ல நாற்பதுக்கும் அதிகமானோர் சபதம் செய்தார்கள். அவர் சகோதரியின் மகன் காதில் அது விழுந்ததால் பிழைத்தார். செசரியாவில் இரண்டு வருஷம் காவல், பிறகு கப்பற்சேதம். ரோமுக்கு வந்தார், கைதியாக. அந்த ஜெபம் கேட்கப்படவில்லை என்றும் சொல்ல முடியாது, கேட்டபடியே நடந்தது என்றும் சொல்ல முடியாது. உங்கள் முந்தைய போதகருக்கு என்ன நடந்தது என்பதையும் இன்னும் முடியாத கணக்காகவே வைத்துக்கொள்ளுங்கள். அவருக்காக இப்போதும் ஜெபிக்கலாம். சபை மாறினால் ஜெபம் நிற்க வேண்டியதில்லை.

கேள்வி: "உங்களுக்காக ஜெபிக்கிறேன்" என்று அவரிடம் சொல்லலாமா? பெருமையாகிவிடாதா?

பதில்: சொல்லுங்கள். எவ்வளவு நேரம் ஜெபித்தீர்கள் என்பதை விட்டுவிட்டு, எதைக் கேட்டீர்கள் என்பதைச் சொல்லுங்கள்: "ஐயா, உங்கள் தூக்கத்துக்காகவும் இந்த வார வசனத்துக்காகவும் ஜெபித்தேன். பதில் போட வேண்டாம்." இரண்டு வரி போதும். ஆராதனைக்கு முன் வேண்டாம், மறுநாள் காலையில் அனுப்புங்கள்.