வயல் மூலை யாருக்கு?

கேள்வி: எங்கள் வட்டையில் சூடடித்ததும் வயலுக்குரிய போடியார் ஏழைகளுக்கு நெல் அளந்து கொடுப்பார். யூத சமயத்திலும் இந்த வழக்கம் உண்டா?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: உண்டு, ஆனால் அளந்து கொடுப்பதில்லை. வயலின் ஓரத்தை வெட்டாமல் விட வேண்டும் என்கிறது யூத வேத நூலான லேவியராகமம் (19:9). ஏழைகளே வந்து வெட்டிக்கொள்வார்கள். எவ்வளவு விடுவது? கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா, 60இல் ஒரு பங்குக்குக் குறையக்கூடாது என்கிறது. உங்கள் கணக்கில் 3 ஏக்கருக்கு 8 பேர்ச் (160 பேர்ச் ஓர் ஏக்கர்).

அதையும் வயலின் கடைசியில்தான் விட வேண்டும். நடுவில் விட்டால், வயற்காரர் ஆளில்லாத நேரம் பார்த்துத் தன் உறவினரைக் கூப்பிட்டுக் கொடுத்துவிடலாம். ஏழைகளும் எப்போது விடுவார் என்று நாள் முழுக்கக் காத்துக் கிடக்க வேண்டும். (மனிதரை நன்றாகத்தான் தெரிந்து வைத்திருந்தார்கள்!)

வெட்டும்போது கைதவறி விழும் கதிர் ஒன்றோ இரண்டோ என்றால் ஏழைக்கு. மூன்று சேர்ந்து விழுந்தால் வயற்காரருக்கு. மறந்துபோன கட்டுக்கும் இதே கணக்குத்தான். ஒருவரைப் பொறுக்க விட்டு இன்னொருவரைத் தடுத்தால், அது ஏழைகளிடம் திருடுவது. ஈகையைக் குறிக்கும் ‘செதாக்கா’ என்ற எபிரேயச் சொல்லும் ‘நீதி’ என்ற வேரிலிருந்து வந்ததுதான்.